ஒரே சீரகம், இரண்டு மண்: விளைந்த இடத்தால் மசாலா விதையின் சத்து மாறுகிறதா என்று பார்ப்பது எப்படி

இரண்டு இடங்களில் விளைந்த சீரகத்தை ஒரே ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரண்டு அறிக்கையும் ஒன்றுபோல வராது. ஒன்றில் இரும்பு அதிகம் இருக்கும், இன்னொன்றில் புரதம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், எண்ணெய் அளவு இரண்டிலும் வேறாக இருக்கும். அதைப் பார்த்ததும் அந்த மண்ணில் விளைந்ததுதான் சத்து என்று முடிவு கட்டிவிடத் தோன்றும், நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள், அப்படித்தான் விற்கிறார்கள். ஆனால் அந்த வித்தியாசத்தில் மண்ணால் வந்தது எவ்வளவு, ரகத்தால் வந்தது எவ்வளவு, வெறும் ஈரத்தாலும் தூசியாலும் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் இடத்தைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். எப்படிப் பிரிப்பது என்பதுதான் இங்கே விஷயம். சீரகம், மல்லி, சோம்பு, ஓமம், வெந்தயம், கடுகு, கருஞ்சீரகம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான், அங்கங்கே சின்ன மாற்றங்களோடு.

எந்தச் சத்து என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'இடம்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் மண், வெயில், மழை, உயரம், பகல் நேரத்தின் நீளம், விவசாயி போட்ட உரம் எல்லாம் அடங்கியிருக்கிறது. விதையில் உள்ள ஒவ்வொரு சத்தும் இதில் வேறு வேறு ஒன்றுக்குக் கட்டுப்படுகிறது. தாது உப்புகள் பெரும்பாலும் மண்ணைப் பொறுத்தவை. புரதம் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) தண்ணீரையும் பொறுத்தது. கொழுப்பின் வகை, மணி பிடிக்கும் நாட்களில் இருந்த வெப்பநிலையைப் பொறுத்தது. வாசனை எண்ணெயில் ரகமும் அறுவடை நேரமும்தான் முன்னால் நிற்கும், இடம் அதற்குப் பின்னால்தான் வரும். அதனால் 'எந்த ஊர் விதை சத்தானது' என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. 'இந்த ஊர் விதையில் துத்தநாகம் ஏன் குறைவு' என்று கேட்டுப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

தாது உப்புகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இடத்தின் பாதிப்பு மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான்.

செலினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் இருந்தால் செடியில் இருக்கும், மண்ணில் இல்லையென்றால் இல்லை, ஏனென்றால் செடி வளர்வதற்குச் செலினியம் தேவையே இல்லை, மண்ணில் குறைவாக இருந்தாலும் பயிர் பச்சையாகச் செழித்து நிற்கும். சீனாவில் கெஷான் என்ற பகுதியில் மண்ணில் செலினியம் குறைவாக இருந்ததோடு தொடர்புள்ள ஒரு இதய நோய்க்கு அந்த ஊரின் பெயரே வந்துவிட்டது. அதே நாட்டில் என்ஷி என்ற இடத்தில் செலினியம் மிஞ்சிப்போய் மக்களுக்கு முடியும் நகமும் உதிர்ந்தன. பின்லாந்தில் 1980களின் நடுவிலிருந்து உரத்திலேயே செலினியத்தைக் கலக்கிறார்கள், அதற்குப் பிறகு அங்கே விளைந்த தானியங்களில் அதன் அளவு பல மடங்கு ஏறியது. மசாலா விதைகளில் கடுகைத்தான் இந்த விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டும். கடுகுக் குடும்பத்துச் செடிகள் கந்தகத்தை நிறைய இழுப்பவை, செலினியம் கந்தகம் போகும் அதே வழியில்தான் வேருக்குள் நுழைகிறது. அதனால் கந்தக உரம் அதிகம் போட்ட வயலில் செலினியம் உள்ளே போவது குறையும். மண் ஒன்றாகவே இருந்தாலும் உரம் மாறினால் முடிவு மாறிவிடும்.

இரும்பும் துத்தநாகமும் மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, செடிக்குக் கிடைக்கும் வடிவத்தில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சுண்ணாம்பு மிகுந்த, காரத்தன்மை கூடிய மண்ணில் இரண்டும் கரையாமல் கிடக்கும். மண்ணைப் பரிசோதித்தால் மொத்த இரும்பு ஏராளம் என்று வரும், செடியோ இலை வெளுத்து நிற்கும். மாலிப்டினம் என்ற இன்னொரு தாது இதற்கு நேர் எதிர், காரம் கூடக்கூட நன்றாகக் கிடைக்கும். அதனால் விதையோடு மண் அறிக்கையும் கிடைத்தால் முதலில் பி.எச். அளவை, அதாவது மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணைப் பாருங்கள், மற்ற எண்களை அப்புறம் பார்க்கலாம். இன்னொன்று, மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தை அள்ளிப் போட்ட வயலில் துத்தநாகம் குறைவது சகஜம். வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் துத்தநாகத்தைத் தூரத்திலிருந்து கொண்டுவந்து கொடுக்கும், மணிச்சத்து மிகுந்தால் செடி அந்தப் பூஞ்சையோடு உறவைக் குறைத்துக்கொள்ளும். கடுகு அந்தப் பூஞ்சையோடு சேர்வதே இல்லை. ஆகவே ஒரே வயலில் வெந்தயத்துக்குக் கிடைக்கும் பலன் கடுகுக்குக் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கால்சியம் கொஞ்சம் வித்தியாசமான கதை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்து அட்டவணையில் 100 கிராம் சோம்பில் கிட்டத்தட்ட 1,200 மி.கி., சீரகத்தில் 930 மி.கி., மல்லியில் 710 மி.கி. கால்சியம் என்று இருக்கும். வெந்தயத்திலோ 176 மி.கி.தான். மண் மட்டும் இந்த வித்தியாசத்தைக் கொடுத்துவிடாது. சோம்பு, சீரகம், மல்லி, ஓமம் எல்லாம் உண்மையில் முழுக் கனிகள், விதையைச் சுற்றிக் கனியின் காய்ந்த ஓடும் சேர்ந்தே இருக்கிறது. வெந்தயமும் கடுகும் நெற்றிலிருந்து பிரித்தெடுத்த வெறும் விதைகள். கால்சியம் ஓடு, தோல் போன்ற பகுதிகளில் தங்கிவிடும், உள்பருப்புக்கு அவ்வளவாகப் போகாது. இதிலிருந்து ஒரு எச்சரிக்கை: கடும் வெயிலில் மணி சரியாகப் பிடிக்காமல் சுருங்கிய மல்லியில் பருப்பு குறைந்து ஓட்டின் பங்கு கூடிவிடும், அறிக்கையில் கால்சியமும் நார்ச்சத்தும் ஏறிக் காட்டும். அதை மண்ணின் வளம் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு மாதிரியிலும் ஆயிரம் மணிகளை எண்ணி எடை போட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

கொழுப்பு, புரதம், வாசனை

எண்ணெய் வித்துகளில் பொதுவாக, மணி பிடிக்கும் நாட்கள் குளிர்ச்சியாக இருந்தால் லினோலியிக், லினோலெனிக் மாதிரியான கொழுப்பு அமிலங்கள் கூடும், சூடாக இருந்தால் ஒலியிக் கூடும். சூரியகாந்தியிலும் ஆளியிலும் இது நன்றாகத் தெரிந்த விஷயம். உயரமான இடங்களுக்கும் இதே கணக்குதான்: ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறைகிறது, அதனால் 'மலையில் விளைந்தது' என்று சொல்லும் பல குணங்கள் குளிர்ச்சியிலிருந்து வந்தவையாக இருக்கலாம். ஆனால் மல்லி, சீரகம், சோம்பு குடும்பத்தில் இந்த விதியை அப்படியே பொருத்தாதீர்கள். அவற்றின் கொழுப்பில் பெட்ரோசெலினிக் என்ற இன்னொரு கொழுப்பு அமிலம்தான் ராஜா, மல்லி எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்கூட அதுவே இருக்கும், அது உருவாகும் வழியே வேறு. அதோடு பல ஆய்வகங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் முறையில் பெட்ரோசெலினிக்கும் ஒலியிக்கும் தனித்தனியாகப் பிரியாமல் ஒன்றாகவே பதிவாகும். மல்லிக்கு 'ஒலியிக் 75 சதவீதம்' என்று ஒரு அறிக்கை சொன்னால் இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வேறொரு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட்டு வீணாகக் குழம்புவீர்கள்.

புரதத்தை ஆய்வகம் நேரடியாக அளப்பது அபூர்வம். 1883ல் கெல்டால் என்ற டென்மார்க் வேதியியலாளர் கண்டுபிடித்த முறைதான் இன்னும் அடிப்படை: நைட்ரஜனை அளந்து ஒரு எண்ணால் பெருக்குவார்கள், பெரும்பாலும் 6.25. ஒரு ஆய்வகம் 6.25 என்றும் இன்னொன்று 5.3 என்றும் எடுத்தால் ஒரே விதை இரண்டு விதமான புரதம் காட்டும். அறிக்கையில் நைட்ரஜன் எண்ணையே வாங்கி ஒப்பிடுவது நல்லது. வெந்தயத்தில் புரதம் அல்லாத நைட்ரஜனும் இருக்கிறது, கடுகில் காரத்தைத் தரும் குளுக்கோசினோலேட்டுகளிலும் நைட்ரஜன் இருக்கிறது, அதையும் மனதில் வையுங்கள். வறட்சியிலும் வெயிலிலும் மணி சீக்கிரம் முற்றினால் எண்ணெய் குறைந்து புரதத்தின் சதவீதம் ஏறுவது வழக்கம், அங்கே புரதம் புதிதாக வந்து சேரவில்லை, மற்றது குறைந்ததால் அதன் பங்கு பெரிதாகத் தெரிகிறது.

வெந்தயத்துக்கு மட்டும் ஒரு தனிச் சோதனை உண்டு. அது பயறு குடும்பம், வேர் முடிச்சில் உள்ள பாக்டீரியா வழியாகக் காற்றிலிருந்தே நைட்ரஜன் எடுக்கும், அந்தப் பாக்டீரியா எல்லா மண்ணிலும் இருக்காது. பூக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. இரண்டு இடத்து வெந்தயத்தில் புரதம் வேறுபட்டால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாசனை எண்ணெய் சத்துக் கணக்கில் சேராது, ஆனாலும் இடத்தைப் பற்றிய பேச்சில் முதலில் வருவது அதுதான் என்பதால் சுருக்கமாக. மல்லியில் இரண்டு பெரிய வகைகள் உண்டு: 3 முதல் 5 மி.மீ. வரை பருத்த மணி, 3 மி.மீ.க்குக் கீழே உள்ள சிறிய மணி. பெரியது வெப்ப நாடுகளில் அதிகம் விளைகிறது, அதில் வாசனை எண்ணெய் 0.1 முதல் 0.35 சதவீதம். சிறியது குளிர் நாடுகளில், 0.8 முதல் 1.8 சதவீதம். இதைப் பார்த்து 'குளிர் நாட்டு மல்லி வாசம் கூடியது' என்று சொன்னால் வகையின் வேலையைத் தட்பவெப்பத்தின் கணக்கில் எழுதியதாகிவிடும். கடுகிலும் இதே சிக்கல்தான், கிழக்கு ஐரோப்பிய ரகங்களில் ஒரு வகைக் காரப்பொருளும் இந்திய ரகங்களில் இன்னொரு வகையும் மிகுந்திருக்கும், விதையை இடம் மாற்றி விதைத்தாலும் அந்தக் குணம் கூடவே போகும்.

சத்தா, தூசியா, ஈரமா?

அறிக்கை கையில் வந்ததும் முதல் வேலை எல்லா எண்களையும் ஈரம் நீக்கிய கணக்குக்கு மாற்றுவது. முறை எளிது: அறிக்கையில் உள்ள அளவை, நூறிலிருந்து ஈரத்தின் சதவீதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். ஒரு மாதிரியில் ஈரம் 8 சதவீதம், புரதம் 12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் ஈரம் 12 சதவீதம், புரதம் 11.6 கிராம். பார்த்தவுடன் முதலாவதுதான் மேல். ஈரத்தை நீக்கினால் முதலாவது 13.04, இரண்டாவது 13.18, வரிசையே தலைகீழாகிவிட்டது. இந்த ஒரு கணக்கைப் போடாமலேயே ஊருக்கு ஊர் பட்டம் கொடுப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஈரத்தை எப்படி அளந்தார்கள் என்றும் கேளுங்கள். சூடான அடுப்பில் உலர்த்தி எடை குறைவதைப் பார்த்தால், தண்ணீரோடு வாசனை எண்ணெயும் ஆவியாகி அதுவும் ஈரம் என்று கணக்காகிவிடும். எண்ணெய் மிகுந்த ஓமத்திலும் சோம்பிலும் இந்தப் பிழை பெரிதாக இருக்கும். அதற்காகவே மசாலாப் பொருட்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. (சர்வதேச தர அமைப்பு) வகுத்த 939 என்ற தரமுறையில், கரைப்பானோடு சேர்த்துக் காய்ச்சித் தண்ணீரை மட்டும் தனியாகப் பிடித்து அளக்கிறார்கள்.

அடுத்து இரும்பு. சீரகத்தில் 100 கிராமுக்கு 66 மி.கி. இரும்பு என்று அதே அமெரிக்க அட்டவணை சொல்கிறது, ஒரு விதைக்கு இது மிகப் பெரிய அளவு. சீரக மணியின் மேல் வரிவரியாகப் பள்ளங்களும் நுண்ணிய மயிர்களும் இருக்கும், தரையில் போட்டு அடித்து உலர்த்தும்போது மண் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் இரும்பு, விதையில் இருப்பதைவிடப் பல மடங்கு இருப்பதால் கொஞ்சம் தூசியே அறிக்கையை மாற்றிவிடும். கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, விதையை எரித்த சாம்பலில் அமிலத்தில் கரையாத பகுதியின் அளவை வாங்குங்கள், ஐ.எஸ்.ஓ. 930 தரமுறை இதற்குத்தான், அது அதிகம் என்றால் மணல் இருக்கிறது என்று பொருள். இரண்டாவது, இரும்போடு அலுமினியத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான செடிகள் அலுமினியத்தை விதைக்குக் கொண்டுபோவதே இல்லை, மண்ணில் அது ஏராளம். இரும்பும் அலுமினியமும் சேர்ந்தே ஏறினால் அது தூசி. இரும்பு மட்டும் ஏறினால் செடி எடுத்ததாக நம்பலாம். இரண்டு மாதிரியையும் சல்லடையில் சலித்து, தூற்றி, சாவியும் (பருப்பு பிடிக்காத வெற்று மணி) காம்பும் நீக்கி, ஒரே விதமாகச் சுத்தம் செய்த பிறகு அனுப்பினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

வாசனை எண்ணெய் அறிக்கையில் ஒரு பொறி உண்டு: 'லினலூல் (மல்லி வாசனையின் முக்கியப் பொருள்) 75 சதவீதம்' என்றால் எண்ணெயில் 75 சதவீதம், விதையில் அல்ல. எண்ணெய் 0.3 சதவீதம் உள்ள மல்லியில் 75 சதவீத லினலூல் என்றால் 100 கிராம் விதைக்கு 0.225 கிராம்தான் வருகிறது, எண்ணெய் 1 சதவீதம் உள்ளதில் 65 சதவீதம் என்றாலே 0.65 கிராம்.

மாதிரி எடுக்கும் விதம்

ஒரே மூட்டையின் வாயிலிருந்து ஒரு கை அள்ளி அனுப்பினால் அது அந்த மூட்டையின் வாயைப் பற்றித்தான் சொல்லும். கனமான மணியும் தூசியும் அடியில் இறங்கிவிடும். பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்து, ஒன்றாகக் கலந்து, குவியலாகக் கொட்டி நான்காகப் பிரியுங்கள், எதிரெதிரான இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குங்கள், தேவையான அளவு வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரேயொரு மாதிரி மட்டும் போதாது, குறைந்தது மூன்று வயல்களிலிருந்து தனித்தனியாக வேண்டும். காரணம் கீழே சொல்கிறேன்.

மாதிரியோடு எழுதி வைக்க வேண்டியவை: ரகத்தின் பெயர், விதைத்த தேதி, பூத்த தேதி, அறுத்த தேதி, உரம், பாசனம், எப்படி உலர்த்தியது, எத்தனை மாதம் கிடங்கில் இருந்தது. இதில் அறுத்த நிலை மிக முக்கியம். பச்சையாக இருக்கும்போது மல்லிக்காயில் மூட்டைப்பூச்சி வாடை தரும் ஆல்டிஹைடுகள் இருக்கும், முற்றும்போது அவை குறைந்து லினலூல் ஏறும். ஒரு வாரம் முன்னதாக அறுத்த வயலையும் நன்றாகப் பழுத்த பிறகு அறுத்த வயலையும் ஒப்பிட்டால் தெரிவது அறுவடை நாளின் வித்தியாசம்தான்.

நீங்களே விதைத்துப் பார்ப்பதாக இருந்தால்

இடத்தின் பாதிப்பை மட்டும் தனியாகப் பார்க்க நம்பகமான வழி ஒன்றுதான்: ஒரே விதைக் குவியலைப் பிரித்து இரண்டு இடங்களிலும் விதைப்பது. ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது மூன்று பாத்திகள், குறைந்தது இரண்டு பருவங்கள். இரண்டாவது பருவத்துக்கு விளைந்த விதையை எடுக்காதீர்கள், முதலில் வைத்திருந்த அதே குவியலின் மீதியைப் பயன்படுத்துங்கள், ஏனென்றால் மல்லியும் சோம்பும் பூச்சிகள் வழியாக அயல் மகரந்தம் வாங்குபவை, பக்கத்து வயலின் ரகம் கலந்துவிட்டால் அடுத்த ஆண்டு நீங்கள் விதைப்பது அதே ரகமாக இருக்காது. இரண்டு இடத்திலும் ஒரே தேதியில் விதைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பூத்ததிலிருந்து முற்றும் வரை உள்ள நாட்களின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைக் குறித்து வைப்பதுதான் முக்கியம். விதைக்கும் முன் மண்ணைப் பரிசோதியுங்கள்: பி.எச்., கரிமச் சத்து, செடிக்குக் கிடைக்கும் துத்தநாகம், இரும்பு, கந்தகம்.

முடிவு வந்ததும் முதலில் ஒரே இடத்தின் மூன்று பாத்திகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அந்தப் பாத்திகளுக்குள்ளேயே துத்தநாகம் 3 மி.கி.யிலிருந்து 5 மி.கி. வரை ஆடினால், இரண்டு ஊர்களுக்கு நடுவே 1 மி.கி. வித்தியாசம் என்பதற்கு அர்த்தமே இல்லை. மூன்று மாதிரி வேண்டும் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். முதல் பருவத்தில் ஒரு ஊரும் இரண்டாவது பருவத்தில் இன்னொரு ஊரும் மேலே வந்தால், அது மண்ணைவிட அந்த ஆண்டின் மழையும் வெயிலும் செய்த வேலையாக இருக்கும்.

அளவையும் மறக்க வேண்டாம். 66 மி.கி. இரும்பு உள்ள சீரகத்தில் 2 கிராம் எடுத்தால் 1.3 மி.கி. கிடைக்கிறது, அதிலும் விதையில் உள்ள ஃபைட்டிக் அமிலம் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் இரும்பிலோ துத்தநாகத்திலோ பத்து சதவீதம் கூடுதல் என்பது சாப்பிடுபவருக்குப் பெரிய மாற்றம் தராது. ஆனால் காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்களும் இடத்தைப் பொறுத்து விதைக்குள் வரும், குறிப்பாகக் கசகசாவும் ஆளியும் காட்மியத்தை நிறைய இழுப்பவை, அங்கே சிறிய வித்தியாசத்தையும் கவனிக்க வேண்டும். சத்துக்கு என்று ஆய்வகத்துக்கு அனுப்பும்போதே இந்த இரண்டையும் சேர்த்து அளக்கச் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பகுதியைக் காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, பெயரும் தேதியும் எழுதி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எண் பொருந்தாமல் நின்றால் அதே விதையை இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம்.